பவுடர் டப்பாவில் ஒரு விரல் கறை

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பவுடர் டப்பா ஒன்று இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. பவுடர் தீர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அமுக்கினால் லேசாக மணம் மட்டும் வரும். வெள்ளை டப்பாவில், மூடிக்குச் சற்றுக் கீழே, ஒரு கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. என் கொழுந்தனாரின் விரல். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். வீட்டை ஒழிக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கையில் எடுப்பேன். தூக்கிப் போடவும் மனம் வராது, துடைக்கவும் மனம் வராது. இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

நான் கரூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்காரர்கள். அவர்கள் பேசும் தமிழில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும் இயல்பாக வந்து விழும். போலாரத்தில் நாங்கள் இருந்த வீட்டின் மாடி அறையில் கொழுந்தனார் இருந்தார். காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். என்னைவிட ஒரு வயது மூத்தவர்தான்; ஆனாலும் முறைப்படி அவர் என்னை அண்ணி என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அவரிடம் ஒரு பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்குச் சங்கிலி கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு குழாய்க்குள் ஓடும் இரும்புத் தண்டுதான் பின்சக்கரத்தைச் சுற்றும். அந்தத் தண்டு சக்கரத்தைச் சேரும் இடத்தில், தேங்காய் அளவில் ஒரு பல்சக்கரப் பெட்டி, அதற்குள் எண்ணெய். அந்த எண்ணெயை அவர் என் மகளின் பழைய பால்பாட்டிலில்தான் அளந்து ஊற்றுவார். கழுத்துக் கோடு வரை ஒரு பாட்டில், கால் லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போவார். நாலு வயதான என் மகள் முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து போவாள். திரும்பி வரும்போது அவள் மடியில் ஒரு கட்டு கீரை இருக்கும். அவர்கள் போனதிலிருந்து வரும்வரை நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன். அனுப்பாமல் இருந்தால் அவர் மனம் நோகும், அனுப்பினால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் ஒரு நாள் எண்ணெய்ப் பசை தெரிந்ததைக் காட்டினேன். “இது வேர்வை அண்ணி, கசிவு இல்ல. பழைய வண்டின்னா லேசா வேர்க்கும்” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அவர் வேலை விஷயமாக இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தபோது, போர்ட்டிகோவைத் துடைக்கப் போனேன். பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு சொட்டு. உள்ளே எண்ணெய் வற்றிப்போய், ஓடும்போது சக்கரம் இறுகிக்கொண்டால்? டாங்கின் மேல் என் பெண் உட்கார்ந்திருந்தால்? எங்கள் ஊர் வீட்டில் விளக்கில் எண்ணெய் இறங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டு ஊற்றுவதில்லை. விளக்கு தானாக அணையக் கூடாது, பார்த்தவர் ஊற்ற வேண்டும். அப்படிப் பழகிய கை. எந்தத் திருகைத் திறப்பார், ஸ்பேனர் எந்த ஆணியில் தொங்கும் என்பதெல்லாம் பார்த்துத் தெரிந்தே வைத்திருந்தேன். பக்கவாட்டுத் தாங்கலில் சாய்ந்து நின்ற வண்டியில், அவருடைய எண்ணெய் டப்பாவிலிருந்து, விளக்குக்கு ஊற்றுவது போலவே வாய் ததும்பும்வரை ஊற்றி மூடினேன். வழிந்ததை அடுப்படித் துணியால் துடைத்து, துணியை அவருடைய சாமான் தட்டிலேயே மடித்து வைத்தேன். ஒரு கடமையைச் செய்த நிம்மதி வந்தது. போனில் அவரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்காமல் வண்டியைத் தொட்டதற்குக் கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றியது. சொல்லாமல் விட்டேன்.

அவர் ஊரிலிருந்து வந்த மறுநாள் ஞாயிறு. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, அல்வால் தாண்டி ஓர் இடத்தில் பின்பிரேக் பிடிக்கவில்லை. பெட்டியில் சூடாகிப் பொங்கிய எண்ணெய் பிரேக்குக்குள்ளும் டயரிலும் இறங்கியிருந்தது. முன்னால் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. அவர் வண்டியைச் சாலையோர மணலுக்குள் விட்டு, தன் உடம்பைக் கீழே கொடுத்து விழுந்தார். என் மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு செருப்பு மட்டும் தொலைந்திருந்தது. அதை ஒரு விளையாட்டைப் போல அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவருடைய முழங்கையில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. பின்சக்கரம் முழுவதும் எண்ணெய் மினுங்கியது.

அதைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் கத்தினேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தெரு கேட்க, என் கணவர் முன்னால், “என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தீங்களா தம்பி?” என்றேன். அவர் முழங்கையைக் கழுவப் போனார்.

அன்று மதியம் சாப்பிடாமலே வண்டியை நடுத்தாங்கலில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். பின்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு வாசலில் நின்று, “அண்ணி, பாப்பா பவுடர் கொஞ்சம் தர்றீங்களா?” என்று கேட்டார். கொடுத்தேன். அந்தப் பெட்டியின் மேல் வெள்ளையாகப் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பின்சக்கரத்தைச் சுற்றவிட்டார். எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே பவுடர் முதலில் நனையும் என்று என் கணவருக்கு விளக்கினார். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் உச்சியிலுள்ள சிறு மூச்சுத் துளையைச் சுற்றி ஒரு கறுப்புப் பொட்டு எழுந்தது. பிறகு சக்கரப் பக்கம், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் இருந்த இடத்திலிருந்து ஒரு கோடு மெல்ல இறங்கியது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு மேல் திருகைத் தளர்த்தினார். முழுவதும் கழற்றுவதற்குள் எண்ணெய் வெளியே வழிந்தது.

அடித் திருகைத் திறந்து பால்பாட்டிலில் பிடித்தார். ஒரு பாட்டில் நிறைந்தது. அதை ஒரு காலி டப்பாவில் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தார். இன்னும் பாதிக்கு மேல் வந்தது. வழியெல்லாம் சிந்தியது போக மிச்சமே அவ்வளவு. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் உயர்த்திக் கோட்டைப் பார்த்தார். அப்புறம், சாமான் தட்டில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் நான் மடித்து வைத்திருந்த அடுப்படித் துணியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“என்னடா ஆச்சு?” என்றார் கணவர்.

“நான்தான் ஊருக்குப் போற அவசரத்துல அதிகமா ஊத்திட்டேன் போல.”

“அறிவிருக்காடா? குழந்தைய வச்சுக்கிட்டு ஓட்டுற வண்டி.”

“ஹவ் அண்ணா. தப்புதான்.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், இனிமேல் பாப்பாவை அந்த வண்டியில் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அவர் தலையசைத்துப் பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். விரல் பதிந்தது அப்போதுதான். மறுநாள் ராணிகஞ்சுக்குப் போய் அதே அளவில் புது சீல் வாங்கி வந்தார். எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளை மாற்றினார். மெல்லிய கம்பியால் மூச்சுத் துளையைக் குத்தி, அதில் மண் அடைத்திருந்ததாகச் சொன்னார். அந்த மண்ணை நான் பல வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மண் அடைத்ததால்தான் கசிந்தது, என்னால் அல்ல என்று. ஆனால் அந்தக் கம்பியின் நுனியில் மண்ணை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக மார்க்கெட் போனார். மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு மாதத்தில் காஞ்சன்பாக்கில் குவார்ட்டர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் அவ்வளவு தூரம் போய்வருவது கஷ்டம் என்று எல்லோரும் நம்பினார்கள். எண்ணெய்க் கதை மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் என் கணவர், “கால் லிட்டருக்கு அளவு தெரியாத இன்ஜினியர்” என்று தம்பியைச் சீண்டுவார். அவரும் சிரிப்பார். நான் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு கொழுந்தனார் அதே வண்டியில் வந்திருந்தார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிறவள், சித்தப்பாவிடம் மட்டும் தமிழ் பேசுவாள். அவர் தோளில் தொங்கிக்கொண்டு, “சித்தப்பா, ஆயில் ஜாஸ்தி ஊத்தி என்னைக் கீழே போட்டது நீங்கதானே?” என்றாள். என் கணவர் சிரித்தார். கொழுந்தனார் ‘ஹவ்’ என்று சொல்ல வாயெடுத்தார்.

“அவர் ஊத்தல. நான் ஊத்துனேன்” என்றேன்.

கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தனார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கே தெரியும் அண்ணி” என்றார். “நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன். அஞ்சு வருஷம் ஆயிடுச்சு” என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கு நான் தகுதியானவள் இல்லை. மகள் ஒரு ரவுண்டு போகலாம் என்று அடம் பிடித்தாள். அவர் என் பக்கம் திரும்பி, “அண்ணி, வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றார். கீழே இறங்கிப் பின்சக்கரத்தருகே உட்கார்ந்தேன். பெட்டியின் அடியில் விரலை ஓட்டினேன். காய்ந்திருந்தது. “போய்ட்டு வாங்க தம்பி” என்றேன்.

அவர்கள் போன பிறகு அலமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன். இன்றாவது துடைத்துவிடலாம் என்று துணியில் மண்ணெண்ணெயும் தொட்டுவிட்டேன். பிறகு அந்தத் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, விரல் பதிந்த பக்கம் வெளியே தெரியும்படி டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்தேன். இதுவரை அதைச் சுவரைப் பார்க்கத்தான் வைத்திருந்தேன்.