“இங்கதான் இருக்கா”

செல்வி ஒளிந்திருந்த இடத்தை அவள் கணவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். ஆம், நானேதான்!

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் ஓர் அறையும் அடுப்படியும்தான். நான், என் கணவர், பரீட்சைக்குப் படிக்கும் மகள். என்னோடு ஒரே வகுப்பில் படித்த செல்வி, வாழ்க்கைப்பட்ட ஊரான நல்லதண்ணியிலிருந்து கிழிந்த உதட்டோடு வந்து நின்றாள்.

“ஒரு கெழம மட்டும் இருந்துக்கிறேன் புள்ள. அந்தாளு கண்ணுல படாம இருந்தாப் போதும்.”

கட்டியணைத்து உள்ளே அழைத்தேன். அந்த அன்பு பொய்யில்லை... நம்புவீர்களா?

வாரம் மாதங்களாயிற்று. செல்விக்குப் படுக்கையைக் கொடுத்துவிட்டு மகள் அடுப்படிப் புகையில் படித்தாள். கணவர் வேலை முடிந்தும் வீடு திரும்பாமல் கடைத்தெருவிலேயே நின்றார். செல்வியோ ஓயாமல் பேசினாள். நாள் முழுதும் மழையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் எனக்கு, பேசாமல் உட்கார ஒரு மூலை இல்லை!

“வேற எடம் பாத்துக்க செல்வி.” இவ்வளவுதான்! கொழுந்து மலையில் நின்று எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்... அவள் முகத்தைக் கண்டதும் “தேத்தண்ணி குடிச்சியா?” என்றுதான் வாய் கேட்டது. இரக்கமா அது? இல்லை. நல்லவள் என்ற பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம்.

அவள் கணவன் முன்பே இருமுறை தொலைபேசியில் விசாரித்திருந்தான். தெரியாது என்றிருந்தேன். மூன்றாம் முறை...

“அக்கா, செல்வி அங்கிட்டு வந்துச்சாங்க?”

“இங்கதான் இருக்கா. வந்து கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.”

சலவைச் சட்டையோடு வந்தான்; பணிவாகப் பேசினான். செல்வி என்னையே பார்த்தாள். நானோ அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்! அன்று மாலை வீடு விசாலமாக இருந்தது. மகிழ்ந்தேன். அதையும் மறைக்கமாட்டேன்.

அடுத்து அவளைப் பார்த்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில். கை முறிந்திருந்தது. ஒரு கண்ணில் இனிப் பார்வை வராதாம்.

“எவனோ காட்டிக் குடுத்துட்டான் புள்ள. ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா? இங்கருந்து விட்டதும் ஒன் வீட்டுக்கே வந்துறவா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘வா’ என்றாவது சொல்லியிருக்கலாம்...

“மொதல்ல ஒடம்பத் தேத்திக்க” என்றேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவள் அவனிடமே திரும்பிப் போனாள். வேறெங்கே போவாள்?

இப்போதும் எப்போதாவது அழைக்கிறாள். எல்லோரையும் நலம் விசாரிக்கிறாள். வரட்டுமா என்று மட்டும் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.