அக்காவின் மூக்கும் குட்டிக் கேமராவும்

இருபத்திரண்டு வருஷமாகக் கேமரா பிடித்தவளை ஆல்பம் மேசையில் உட்கார வைப்பதென்று தம்பி முடிவு செய்துவிட்டான். அதுவும் யாரை? அந்த ஸ்டுடியோவைத் தொடங்கியவளையே! வேலை கிடைக்காமல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட சொந்த அக்காவை! நன்றிகெட்ட பயல் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், சொல்லவில்லை.

பழைய கேமராக்கள் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தன. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்கிற புது ரகக் கேமரா வாங்கியாக வேண்டும். இரண்டு கம்பெனிகளின் கேமராக்களை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். கைக்கு அடக்கமானதற்குக் ‘குட்டி’ என்றும், பிடி பெருத்ததற்குக் ‘குண்டு’ என்றும் அக்கா பேர் வைத்தாள். ஒன்றின் லென்ஸ் மற்றதில் மாட்டாது. தம்பி மாதக்கணக்காக வீடியோ பார்த்துக் குட்டிக் கட்சியில் சேர்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே கம்பெனிக் கேமரா வைத்திருந்தால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

ஒரு பட்டமளிப்பு விழாவுக்கு அக்கா குட்டியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டால், மேடை ஓரத்துப் பூந்தொட்டி இலை நரம்பு தெரிய ஜம்மென்று நிற்கிறது. பட்டம் வாங்கிய பிள்ளைகளின் முகம் அத்தனையும் மங்கல். ஒன்றிரண்டு இல்லை, அறுபது படம். எதிர்ப்பக்கம் நின்று தம்பியும் எடுத்திருந்ததால் மானம் தப்பியது.

“கண்ணு போயிடுச்சுக்கா உனக்கு,” என்றான் தம்பி. “தப்பா நெனச்சுக்காதே. இனிமே நீ ஆல்பம் வேலையப் பாத்துக்கோ. வெளி வேலைக்கு நான் போறேன்.”

 அக்காவுக்கு வலது கண் சிறு வயதிலிருந்தே சுமார்தான், அது ஊருக்கே தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் சோறு போட்டது இடது கண்ணல்லவா?

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் குட்டியைக் கையில் எடுத்தாள். எது தெளிவாக விழ வேண்டும் என்று காட்டுகிற ஃபோகஸ் கட்டத்தை நடுவில் வைத்தாள். எங்கே வைத்தாளோ அங்கேயே இருக்கும் என்று நம்பி, முகத்தை மட்டும் பார்த்து எடுப்பது பழைய கேமராவில் வந்த பழக்கம். இந்த முறை கட்டத்தையே முறைத்துப் பார்த்தாள். கேமராவை இடது கண்ணில் வைத்தாளோ இல்லையோ, கட்டம் விறுவிறுவென்று மூலைக்கு ஓடியது. கண்ணிலிருந்து எடுத்தாள், மறுபடி வைத்தாள். மறுபடி ஓடியது. ஐயோ, மூக்கு! பின்பக்கத் திரை விரல் பட்டால் கட்டத்தை நகர்த்துகிற திரை. கண்ணை வைத்துப் பார்க்கிற கண்ணாடி இடது மூலையில். வலது கண்ணால் பார்ப்பவனுக்கு மூக்கு வெளியே போய்விடும், இவளுக்கோ நேரே திரைமேல். விரல் செய்ய வேண்டிய வேலையை மூக்கு செய்திருக்கிறது.

“டேய், இங்க வா. இடது கண்ணால பாரு.”

தம்பி பார்த்தான். குடும்ப மூக்கு, சும்மா இருக்குமா? கட்டம் ஓடியது.

“இது ஒரு செட்டிங்தான்க்கா. இப்பவே நிறுத்திடறேன். நீயும் குட்டியையே வச்சுக்கோ.”

“நிறுத்தினா கட்டம் நிக்கும். என் மூக்கு திரையில நசுங்கறது நிக்குமா? குண்டுல கண்ணாடி நடுவுல, நல்லா பின்னால நீட்டிக்கிட்டிருக்கு. எனக்கு அதுதான் தோது.”

“அப்ப லென்ஸ்?”

“உன்னுது உனக்கு, என்னுது எனக்கு. நான் ஒண்ணும் உங்கிட்ட கடன் கேட்டு வரமாட்டேன்.”

“அக்கா, கோபத்துல பேசாதே…”

“கோபந்தான்டா! அறுபது படத்தையும் பாத்தியே, நேத்து வந்த கேமரா மேல உனக்கு ஒரு சந்தேகம் வந்துதா? இருபத்திரண்டு வருஷமாப் பாக்கற என் கண்ணு மேலதானே வந்துது?”

அக்கா குண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்றைய வெளி வேலைக்குத் தானே கிளம்பினாள்.