தராசில் ஏறிய சாக்ஸபோன்

சாக்ஸபோனைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சித்திரையில், காரைக்குடியில், பட்டப்பகலில். ஒரு தட்டில் சாக்ஸபோன். மறு தட்டில் என் மனைவியின் பித்தளைக் குடம்.

சிரிக்காதீர்கள். அந்தத் தராசில் என் மானமும் சேர்ந்துதான் ஏறியிருந்தது.

நான் பகலில் கணக்கு வாத்தியார், சாயங்காலம் பேண்டுக்காரன் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டுக் கல்யாணம் என்றால் நாகஸ்வரத்தோடு இங்கிலீஷ் பேண்டும் வேண்டும். சவரிமுத்து மாஸ்டரின் பேண்டில் தாளத்தட்டு அடிக்கத்தான் முதலில் சேர்ந்தேன். சாக்ஸபோன் மேல் ஆசை பிறகு வந்தது. மாஸ்டர் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு கிழட்டுக் கருவியை இரவல் வாங்கிப் பழக ஆரம்பித்தேன். அதில் காற்று ஒழுகாத இடம் நான் வாய் வைக்கும் இடம் ஒன்றுதான். கீழ் சுரம் எதை ஊதினாலும் அழுகைச் சத்தம் வரும்.

பங்குனியில் ஒருநாள் மாஸ்டர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"வாத்தியாரே, உங்க கை தேறிருச்சு. அந்த ஓட்டைக் குழல்தான் தேறலை. வைகாசியில விசாலாட்சி ஆச்சி வீட்டுக் கல்யாணம். நல்ல வாத்தியத்தோட வந்தீகன்னா முன் வரிசை. இல்லைன்னா பழையபடி தாளத்தட்டுத்தான். நான் தாட்சண்யம் பார்க்க மாட்டேன்."

கை தேறிவிட்டதாம்! அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குப் போகும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தாளத்தட்டுக்குத் திரும்புவதா? முடியாது. என்ன ஆனாலும் சரி, முன் வரிசைதான்.

மாஸ்டரே வழியும் காட்டினார். மெட்ராஸ் ஏஜெண்டு ஒருவர் புத்தம் புது சாக்ஸபோன் ஒன்றை ஊதிப் பார்க்கச் சொல்லி மாஸ்டர் வீட்டில் வைத்திருந்தார். பார்த்தால் கண் கூசும். வாயகன்ற புனலில் பூவும் கொடியுமாகச் செதுக்கல் வேலை. பெட்டிக்குள் நீல வெல்வெட். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்காலை ரோட்டில் நடந்தாலே போதும், ஊதவே வேண்டாம்!

ஆனாலும் ஊதினேன். எல்லாச் சுரமும் சுலபமாகப் பேசியது. இரவல் கருவியோடு மல்லுக்கட்டிப் பழகியவனுக்கு அது பெரிய சுகம். ஆனால் நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, விடை வந்தால் சரிபார்க்காமல் விடமாட்டேன். ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியில் ஊதினேன், பிறகு மேல் ஸ்தாயியில் ஊதினேன். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போக வேண்டும். இங்கே தம்பி துள்ளிக்கொண்டு மேலே போனான். இன்னொரு சுரம்... அதுவும் அப்படியே. உதட்டைத் தளர்த்தி, இறுக்கி, என்ன செய்தும் அடங்கவில்லை.

ஏஜெண்டு சிரித்தார்.

"புதுசு ஸார். ஊத ஊதப் பழகிடும்."

"எது பழகும்? அதுவா, நானா?" என்று கேட்டேன்.

மாஸ்டருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "பளிச்சுனு இருக்கு, ஒழுகலை. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

யோசிக்க இன்னொன்றும் இருந்தது. அதே விசாலாட்சி ஆச்சியின் மகன் பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு சாக்ஸபோன் கொண்டு வந்திருந்தான். பிரான்சில் செய்தது, பெரிய பெரிய பேண்டுக்காரர்கள் வைத்திருக்கிற ரகம். ஒரு விடுமுறை முழுக்க ஊதிப் பார்த்து, பாட்டு வராமல் சலித்துப்போய், அதை வீட்டில் போட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறவன் அதைத் திரும்பக் கேட்கப்போவதில்லை என்று ஆச்சியே சொல்லியிருந்தார்.

மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாரும் பார்க்கும்படி பரப்பி வைக்க வேண்டுமே... அண்டா, தவலை, குடம், விளக்கு என்று வீட்டுப் பித்தளை அத்தனையும் வெளியே வந்திருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார் ஆச்சி.

"வாங்க வாத்தியாரே. குழலைப் பார்க்கத்தானே வந்தீக? அந்தா, அங்குட்டு அண்டாவுக்குப் பக்கத்துல காயுது பாருங்க."

காய்கிறதா?

திரும்பிப் பார்த்தேன். வெயிலில் தலைகீழாகக் கிடந்தது சாக்ஸபோன். கீழ்ப் பாதி புதுக் குத்துவிளக்காக மின்னியது. மேல் பாதி மங்கிய தேன் நிறத்தில் அப்படியே இருந்தது.

"நேத்துத்தான் தொட்டியில பாதி வரைக்கும் முக்கிப் புளி போட்டு விளக்குனோம். எம்புட்டுக் கறைங்கிறீக! கல்யாண வீட்டுல ஒரு பித்தளை மட்டும் அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்? மேல கம்பி கையைக் கிழிக்குதுன்னு பாதியில விட்டுட்டாளுக. செத்த இருங்க, அதையும் விளக்கித் தரச் சொல்றேன்."

"வேண்டாம் ஆச்சி!"

நான் போட்ட சத்தத்தில் பெண்கள் கையில் இருந்த புளியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஆச்சியைக் குறை சொல்ல முடியுமா? பித்தளை என்றால் புளி. இந்த ஊரில் அதற்கு மறுபேச்சே கிடையாது. அந்தத் தேன் நிறம் கறையல்ல, மேலே பூசிய பூச்சு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? குழாயில் இருக்கிற துளைகளை மூடுவது தோல் வைத்த மூடிகள் என்றுதான் யார் சொன்னார்கள்? தோல் புளித்தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்பளமாகச் சுருண்டிருந்தது. மூடிகளைத் தூக்கிவிடும் மெல்லிய எஃகு ஊசிகளில் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

குழலை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனோம். நல்ல இருட்டு. டார்ச் லைட் பல்பை ஒயரில் கட்டிக் குழாய்க்குள் இறக்கினேன். மூடிகளை அழுத்தினால் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. மேல் பாதியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கீழ்ப் பாதியில் மூடிக்கு மூடி கசிந்தது.

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "இது ஆகாது வாத்தியாரே. புதுசையே எடுங்க."

நான் விடவில்லை. மேல் பாதி பிழைத்திருக்கிறதல்லவா? அதை மட்டும் பயன்படுத்தும் சுரங்களும் உண்டல்லவா? வாய்க்கட்டையை மாட்டி ஊதினேன்.

எப்படிச் சொல்ல... அந்த அறையில் இருந்த வெண்கலமெல்லாம் கூடவே முனகியது. ஒரே சுரத்தைக் கீழே ஊதினேன், மேலே ஊதினேன். அப்படியே ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த சுரமும் அப்படியே. என் உதடு எந்தச் சமாதானமும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தப்பு என் மேல் என்றே நினைத்திருந்தேனே!

அங்கேயே முடிவு செய்தேன். தோலை மாற்றலாம், ஊசியை மாற்றலாம். குழாயில் துளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அது விழுந்ததுதான். புதிதின் நோய் உடம்பில். பழையதின் நோய் உடுப்பில்.

"விலை சொல்லுங்க ஆச்சி" என்றேன்.

ஆச்சி முகம் மாறியது. "நல்லாயிருக்கே! கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுல பொருளை விக்கிறதாவது? சம்பந்தி வீட்டுல கேட்டா என்ன நெனப்பாக? வேணும்னா மாத்திக்கிருவோம். பித்தளைக்குப் பித்தளை, எடைக்கு எடை. இந்தக் குழலைப் பரப்பி வச்சா இது என்ன ஏதுன்னு ஆளாளுக்குக் கேப்பாக. ஒரு குடம்னா யாரும் கேக்க மாட்டாக."

பித்தளைக்கு எங்கே போவேன்? என் வீட்டில் எடையுள்ள பித்தளை ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ரோசம்மா சாக்கோட்டையிலிருந்து வாழ வரும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த குடம். தினமும் ஊருணிக்குப் போய் வருவது அதனோடுதான். அதைக் கேட்பதா? வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். கிடைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

ரோசம்மா குடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அந்தக் குழல்ல தண்ணி கொண்டார முடியுமா?"

"முடியாது."

"அது வந்தா இந்தப் பழசு அழுகுற சத்தம் நிக்குமா?"

"நின்னுரும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. நான் மண்குடத்துல எடுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு, குடத்தைக் கவிழ்த்துப் புளி போட்டு விளக்க உட்கார்ந்தாள். "அழுக்குக் குடத்தைக் குடுத்தான்னு ஆச்சி சொல்லிறக் கூடாதுல்ல" என்றாள். அவள் விளக்கி முடிக்கும் வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இது தோற்றால் தாளத்தட்டோடு போகாது, அந்தக் குடமும் போனது போனதுதான்.

தராசு வந்தது. ஆச்சி நியாயம் தவறாதவர். "அந்தக் கறுப்பு மூக்கைக் கழட்டுங்க, அது பித்தளையில்லை" என்று வாய்க்கட்டையைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். முள் குடத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. உடனே ஒரு பித்தளைக் கரண்டியைச் சாக்ஸபோன் தட்டில் போட்டார். "இதையும் வீட்டுல குடுத்துருங்க. ஒங்க பொருள் எங்களுக்குக் கூட வரக் கூடாது." உலகத்தில் சாக்ஸபோனோடு கரண்டியும் வாங்கி வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் காதர் பாயிடம் துருத்திக்கு ஒட்டுகிற மெல்லிய ஆட்டுத்தோல் இருந்தது. அவர் வட்டம் வட்டமாக வெட்டித் தர, நான் ஒவ்வொரு மூடியிலும் ஒட்டி விளக்கு வைத்துச் சோதித்தேன். துருப்பிடித்த ஊசிகளுக்குப் பதில் ரோசம்மாவின் தையல் ஊசிகள். குடத்தைக் கொடுத்தவள் ஊசிக்கா கணக்குப் பார்ப்பாள்?

மாஸ்டருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்தன்று ஏஜெண்டின் புதுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். என் கருவி பாதி மங்கலும் பாதி மினுக்கலுமாக இருப்பதைப் பார்த்துக் கிளாரிநெட்காரர் வேறு சிரித்தார்.

மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வந்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார். பாட்டு இறங்கி இறங்கி அந்தக் கீழ் சுரத்துக்கு வந்தது. புளித்தொட்டியில் முங்கி எழுந்த அதே சுரம். மூச்சை எடுத்தேன். வந்தது! முழுதாக, வட்டமாக, முகப்பைத் தாண்டித் தெரு வரைக்கும் போனது. மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் காலால் அந்தப் புதுப் பெட்டியை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

சங்கதி இதுதான். புதுப் பொருளில் குறை இருந்தால் நம் கை சரியில்லை என்று அடங்கிப்போகிறோம். பழைய பொருளில் நாமே செய்த குறையைக்கூட அதன் தலையில் கட்டிவிடுகிறோம். கண்ணைக் கொஞ்சம் மூடிவிட்டுக் காதைக் கேட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இடைவேளையில் ரோசம்மாவைத் தேடினேன். சாமான் பரப்பியிருந்த இடத்தில், குட வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை குடம் இருந்தாலும் அவளுக்குத் தன் குடம் தெரியாதா?

"வருத்தமா?" என்றேன்.

"இங்குட்டு நின்னுதான் கேட்டேன்" என்றாள். "இன்னைக்கு அது அழுகவே இல்லை."

எனக்கு அதற்கு மேல் எந்தச் சபாஷும் வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் பட்டுப்புடவை சரசரக்க விசாலாட்சி ஆச்சி பேண்டுக்காரர்கள் பக்கம் வந்தார். முகமெல்லாம் பெருமை.

"பார்த்தீகளா வாத்தியாரே? நான் புளி போட்டு விளக்கப் போயித்தானே சத்தம் இம்புட்டுச் சுத்தமா வருது! எம் மகன் ஊதுனப்ப எருமை கத்துன மாதிரில்ல இருந்துச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி மாஸ்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

"மாஸ்டரு, நீங்களும் ஒங்க குழலுகளை எல்லாம் இங்குட்டுக் குடுத்துட்டுப் போங்க. தொட்டியில தண்ணி ரெடியா இருக்கு."

எங்கள் பேண்டு அத்தனை வேகமாகப் பெட்டியை மூடி நான் பார்த்ததே இல்லை.