பால்ராஜ் அண்ணனின் ஏலக்காய்த் தட்டு

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் நான். எனக்கு வாய் நீளம் என்று போடியில் ஒரு பேச்சு உண்டு. பால்ராஜ் அண்ணன் வீட்டில் ஒருநாள் அந்த வாய் அடைத்துப்போனது.

அண்ணன் குரங்கணிச் சாலையில் ஜீப் ஓட்டியவர். ஒரு மழைநாளில் ஜீப் கவிழ்ந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். வந்தாலும் அவருக்கு வலிக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும். அதற்காகவே மனைவி சந்திரவல்லி எஸ்டேட் வேலையை விட்டார். மண்டியிலிருந்து ஏலக்காயை வீட்டுக்கே வாங்கிவந்து, கட்டிலருகில் உட்கார்ந்து கூலிக்குக் காம்பு கிள்ளுவார். ஒன்றரை வருடமாக இருவருக்கும் அந்த ஓர் அறைதான்.

"ஜெயில்ல கூட மணியடிச்சா வெளிய விடுவாய்ங்க, சிஸ்டரு" என்பார் அண்ணன்.

மதுரையில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குத் தானாக மாறவும், தெருவில் ஓட்டிப் போகவும் கற்றுத்தருவார்கள். உடம்பில் புண் இருந்தால் சேர்க்கமாட்டார்கள். அவருடைய பழைய புண்ணை ஆற்ற எனக்கு ஏழு மாதம் பிடித்தது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்க்கப் போனேன். புரட்டினால், வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை. வால் எலும்பருகே கறுத்துத் தோல் உரிந்த புண். விரிப்பில் நசுங்கிய ஓர் ஏலக்காய்.

"கட்டில் பக்கம் காயைக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்க்கா?" என்று சந்திரவல்லியிடம் கத்தினேன்.

"அவளத் திட்டாதீக. என் கையிலருந்துதான் விழுந்துச்சு."

தட்டை நெஞ்சில் வாங்கி வைத்துக்கொண்டு அண்ணனே காம்பு கிள்ளியிருக்கிறார். மல்லாந்தால்தான் தட்டு நிற்கும். சந்திரவல்லி இரண்டு தடவை புரட்ட வந்தும், "இந்தத் தட்டு முடியட்டும்" என்று தடுத்துவிட்டாராம்.

"ஊருக்குப் போறதுக்குள்ள அவளுக்கு ஒரு மூட்டையாச்சும் முடிச்சுத் தரலாம்னு பாத்தேன். கை நல்லாத்தான இருக்கு?"

ஏழு மாதமாக அவர் புண்ணைத்தான் பார்த்தேன், கையைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

மதுரைக்குப் போன் செய்தேன். ஆறிய பிறகு வரச் சொன்னார்கள்.

"எத்தன நாளாகும்?"

"மூணு மாசம்ணே. அதுவரைக்கும் மல்லாக்கப் படுக்கவே கூடாது."

இருவருமாக அவரைக் குப்புறப் போட்டோம். முகம் கட்டில் விளிம்பில், கீழே சிமெண்டுத் தரை. சத்தமில்லாமல் அழுதார். பிறகு இரு கைகளையும் தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். எட்டியது.

"வல்லி, தட்ட இங்கன கீழ வையி. இனி விழுந்தாலும் தரையிலதான விழும்."