கம்ப்யூட்டருக்கு மாற நான் சொன்ன காரணங்கள்

எங்கள் கல்யாணத்துக்கு வந்த சாமான்களில் பாத்திர பண்டம் போக உருப்படியானது ஒரு டி.வி. கேம்தான். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கல்யாணம். என் மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். டெல்லியிலிருந்து லீவில் வரும்போது வாங்கி வந்து, "மாப்ள, பொழுது போகும், வச்சுக்கிடுங்க" என்று கையில் கொடுத்தார். சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து வயரோடு இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாகக் கேசட்டின் மேல் போட்டிருந்தது. இருந்தது ஏழெட்டுதான். அவையே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். அவள் மம்சாபுரத்துப் பெண். கல்யாணமாகி ஒரு மாதம் வரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு போதுமா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்ற அளவில்தான். பேச்சை ஆரம்பித்து வைத்தது அந்தப் பெட்டி. சாயங்காலம் நான் வந்து காபி குடித்ததும் தரையில் பாய் விரித்து டி.வி.க்கு முன்னால் உட்காருவோம். முதல் வாரம் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து, "குனிங்க", "தாவுங்க", "ஏன் அங்கனயே நிக்கீங்க?" என்று அவள் எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். புருஷனிடம் இம்புட்டு வார்த்தை பேசுகிறாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

நாங்கள் அதிகம் விளையாடியது, இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுகிற ஆட்டம். ஆளுக்கு மூன்று உயிர். தன் உயிர் தீர்ந்தவர் ஒரு பட்டனை அமுக்கினால் கூட்டாளியின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என் மூன்றும் முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் போய்விடும். அப்புறம் அவளுடையதில் ஒன்றை எடுப்பேன். அதுவும் அருவியில் விழுந்து போகும். இன்னொன்றை எடுப்பேன். மிச்சமிருக்கிற ஒற்றை உயிரை வைத்துக்கொண்டு அவள் கோட்டை வரை போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படித்தான், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்த லீவில் மச்சான் வந்தார். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே தங்கச்சியிடம், "கேமு எல்லாம் விளையாடுதீகளா?" என்று கேட்டார்.

அவள் வெகுளியாகத்தான் சொன்னாள்: "விளையாடுதோம்ண்ணே. இவுக எப்பவும் என் உசிர எடுத்துத்தான் விளையாடுவாக."

பட்டாளத்துக்காரர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள, உங்கள எல்லைக்கு அனுப்பினா பக்கத்துல நிக்கிறவன் பாடு கஷ்டம்" என்றார். நானும் சிரித்தேன். அந்த நிமிஷம்தான் எனக்கு டி.வி. கேம் என்பது பழைய சமாசாரம் என்றும் கம்ப்யூட்டர்தான் எதிர்காலம் என்றும் தோன்றியது.

மில்லில் கம்ப்யூட்டர் ரூம் ஒன்று இருந்தது. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பாய் ஒருவர் அங்கே ஆபரேட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் நானும் உள்ளே போனேன். திரையில் ஒருவன் கையில் கத்தியோடு இருட்டுச் சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

"பாய், இதை எத்தனை பேரு விளையாடலாம்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளுதான் தம்பி. வேற யாரும் கூட வர முடியாது."

"உசிரு?"

"ஒண்ணே ஒண்ணு. செத்தா திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனா விட்ட எடத்த பதிஞ்சு வச்சுக்கிடலாம்."

இதைவிட கௌரவமான ஆட்டம் இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

வீட்டில் காரணங்களை அடுக்கினேன். கம்ப்யூட்டர் இருந்தால் பிரமோஷனுக்கு உதவும். லெட்டர் அடிக்கலாம். வருங்காலத்தில் எல்லாமே அதில்தான் வரப்போகிறது. டி.வி. கேமில் கண் கெட்டுப் போகும். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நமக்கு யாரு லெட்டர் போடுதா, நாம பதில் அடிக்க?"

"இனிமே போடுவாக."

"கம்ப்யூட்டர்ல கண்ணு கெடாதாக்கும்?"

"அது வேற வெளிச்சம்" என்றேன். எனக்கே அது புதுத் தகவல்தான்.

"சரி, வாங்குங்க. எனக்கென்ன" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் உதிரிப் பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து தருகிறவர் ஒருவரைப் பாய்க்குத் தெரியும். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கழித்துப் போட்ட பழைய பெட்டி அவரிடம் விலைக்கு வந்திருந்தது. அதையே விலை பேசி முடித்துவிட்டேன். இரண்டையும் வைக்க வீட்டில் இடமில்லை என்று சொல்லி, டி.வி. கேமைச் சுந்தரபாண்டியத்தில் இருக்கிற என் அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் அறிவித்தேன். அதை அவளேதான் கட்டிக்கொடுத்தாள். வயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, கேசட்டைத் துணியில் சுற்றி, பழைய அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா எனக்கு எவ்வளவு தாராள மனசு என்று ஊரெல்லாம் சொன்னாளாம். இவள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. புளிக்குழம்பில் உப்பு கூடிப்போனதை நான் கவனித்தேன், கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. பெட்ரூமில் மேசை போட்டு, மஞ்சள் துணியால் மூடி, சந்தனப் பொட்டு வைத்தோம். லெட்டர் ஒன்றுகூட அடிக்கவில்லை. பாய் ஏற்றிக் கொடுத்த அந்தக் கத்திக்காரனைத்தான் தினமும் சாயங்காலம் ஓட்டினேன். இரண்டாவது சுரங்கத்திலேயே ஒரு குழி இருந்தது. கீழே ஈட்டிகள். அதில் ஒரு மாதம் விழுந்தேன். அவள் வெங்காயம் உரித்தபடி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள்.

"அந்தக் கல்லு ஆடுது. அதுல நிக்காதீக."

"இது டி.வி. கேம் இல்ல. இதுல யோசிச்சுத்தான் ஆடணும்" என்பேன். சொல்லிவிட்டு அந்தக் கல்லில் நிற்பேன்.

ஒருநாள் மில்லிலிருந்து வந்து பதிந்து வைத்த இடத்தைத் திறந்தேன். ஆறாவது சுரங்கம் வந்தது. நான் மூன்றாவதைக்கூடப் பார்த்ததில்லை. சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்டது. கேட்கலாமா என்று செத்த நேரம் யோசித்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயந்து விட்டுவிட்டேன்.

மறுநாள் பாயிடம், ஆறாவது வந்துவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாலாவதுல ரெண்டு கேட்டு இருக்கே தம்பி. ஒண்ணு தொறந்தா ஒண்ணு மூடுது. நான் மூணு மாசமா அங்கனயே நிக்கேன். எப்படித் தாண்டினீக?"

"நாளைக்குச் சொல்லுதேன் பாய். வாயில சொன்னா வராது" என்று தப்பித்து வந்தேன்.

அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "சும்மா கேக்கேன். ரெண்டு கேட்டு இருக்கு. ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு மூடுது. ஒரு ஆளு எப்படித் தாண்டுவான்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன கம்ப்யூட்டரா படிச்சிருக்கேன்?" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். அது வெந்து என் தட்டுக்கு வந்த பொறவு, "பின்னால திரும்பி வந்து மேல உள்ள பலகையில தொங்கணும். கேட்டு மூடுறதுக்குள்ள குதிச்சிரணும்" என்றாள்.

இப்படியே நாலைந்து மாதம் ஓடியது. பகலில் அவள் தாண்டுவாள், சாயங்காலம் நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன், மறுநாள் பாய் என்னிடம் கற்றுக்கொள்வார். மில்லில் எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும் என்று பேச்சு பரவி, ஸ்டோர்ஸ் கணக்கை அதில் ஏற்றுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். அதற்கும் அவளிடம்தான் வழி கேட்டிருப்பேன், கணக்கு வீட்டுக்கு வராததால் முடியவில்லை.

கோடையில் கரண்டு கூடிக் குறைந்து வந்ததில் ஒருநாள் பெட்டி அணைந்தது, திரும்ப வரவில்லை. இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாடிக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "டிஸ்கு அடி வாங்கிருச்சு சார். வேலை செய்ய வச்சுத் தாரேன். ஆனா உள்ள இருந்ததெல்லாம் போயிரும்" என்றார்.

"ஒண்ணுமில்ல, எல்லாம் வெறும் விளையாட்டுதான்" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். பெட்டி அணைந்த அன்று பகலில்தான் பத்தாவது சுரங்கத்துக்குப் போயிருந்தாளாம். அதை அப்போதுதான், அதுவும் மாடிக்காரரிடம் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. மனசு கேட்கவில்லை. டி.வி. கேமை ஏன் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உங்கண்ணன் முன்னால் நீ அப்படிச் சொன்னது, எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தது, எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றாள். "அதுக்காக சுந்தரபாண்டியத்துக்கா தூக்கிட்டுப் போவாக? சொல்லியிருந்தா நானே ரெண்டு ஆட்டம் தோத்திருப்பேன்."

"வேணும்னு தோத்தா எனக்குத் தெரியாதாக்கும்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுக்கு முன்ன தோத்தப்பெல்லாம் தெரிஞ்சுதா?"

 டி.வி. கேம் இருந்தபோது ஒரு பொங்கலன்று கார் ரேஸ் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை நான் அவளை ஜெயித்திருக்கிறேன். அதைப் பற்றி மில்லில் ஒரு வாரம் பேசினேன்.