போத்தலுக்குள் இருநூற்று நாற்பது அடி

பாறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மஹ்ரூபுக்குச் சோறு ஆறுவது தெரியாது. மாத்தளையில் குழாய்க்கிணறு துளைக்கும் லொறியில் பதினொரு வருடமாக வேலை. பத்தடிக் கம்பி ஒன்று இறங்கியதும், மேலே பறந்து வரும் தூளில் ஒரு பிடி அள்ளி முற்றத்தில் வரிசையாகக் குவித்து வைப்பது அவன் பொறுப்பு. முதற்குவியல் செம்மண். பிறகு உக்கிய கல், பிறகு சாம்பல் நிறப் பாறை, எங்காவது வெள்ளை மாபிள் கல். சந்தேகம் வந்தால் தூளில் தேசிக்காய்ப் புளியைப் பிழிவான். தூள் நுரைத்தால் மாபிள். நுரைக்கும் ஒவ்வொரு தடவையும், அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலக் கைகொட்டிச் சிரிப்பான்.

பல்லேபொலயில் நூருன்னிஸாவின் முற்றத்தில் இடம் குறித்தவனும் அவன்தான். அந்த வீட்டில் அவனுக்கு வேறொரு காரியமும் இருந்தது. நூருன்னிஸாவின் மகள் ஹிதாயா பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். போன மாதம் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். தெருக்கோடிக் கிணற்றிலிருந்து இருபது வருடமாகக் குடம் சுமந்த நூருன்னிஸா சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பினார்: "நெலத்துக்குக் கீழ என்ன ஈக்குதுன்னு தெரிஞ்சவராமே! மொதல்ல எங்கட முத்தத்துல தண்ணியக் காட்டட்டும். பொறகு கல்யாணம் பேசுவம்."

வியாழக்கிழமை முழுவதும் துளைத்தார்கள். ஹிதாயா பிள்ளைகளுக்குக் காட்டவென்று ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு கரண்டி எடுத்து, உயரமான கண்ணாடிப் போத்தலில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"பூமிட இந்த மேலோடு நமக்குக் கீழ முப்பத்தஞ்சு கிலோமீட்டர் அளவுல தடிப்பு," என்றாள். "நீங்க மேல சும்மா கீறுறீங்க."

"அப்ப இன்னும் நெறய வேலை ஈக்குதுன்னு சொல்லுங்க டீச்சர்."

"அதுட பாரத்துல பாதிக்குக் கிட்ட ஒட்சிசன். தெரியுமா?"

மஹ்ரூபின் கை அப்படியே நின்றது. "நாங்க இழுக்கிற மூச்சா? கல்லுக்குள்ளயா?"

"சிலிக்கன் அது இதோட சேந்து கெட்டியா ஈக்கு."

அவன் லொறிப் பக்கம் ஓடினான். "இப்திகார் நானா! பதினொரு வருஷமா நாங்க பாதி மூச்சைத்தான் தொளச்சிட்டு ஈக்கோம்!"

லொறிச் சொந்தக்காரர் இப்திகார் திரும்பியும் பார்க்கவில்லை. "மூச்சு கெடக்கட்டும். தண்ணி எங்க?"

தண்ணீர் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மஹ்ரூப் டீசல் எடுக்கப் போனான். அவன் இல்லாத வேளையில் இப்திகார் கடைசி இரண்டு கம்பிகளையும் மங்கல் வெளிச்சத்தில் இறக்கிக் குவியலும் வைத்துவிட்டு மெசினை நிறுத்தினார். இருநூற்று நாற்பது அடி.

மறுநாள் காலை மஹ்ரூப் வந்து பார்த்தால், முற்றம் கழுவிய பீங்கான் போல இருந்தது. இருபத்து நான்கு குவியல்களும் ஒரே குவியலாகப் பலா மரத்தடியில் கிடந்தன.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா முத்தத்தக் குப்பையாப் போட்டு வைப்பாங்களா?" என்றார் நூருன்னிஸா, கூட்டி முடித்த தும்புத்தடியோடு.

"சாமானக் கட்டுவம் மஹ்ரூப்," என்றார் இப்திகார். "ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி லொறி வஹகோட்டைக்குப் போகணும்."

"கடைசி ரெண்டு கம்பியில என்ன வந்திச்சு நானா?"

"தூள் வந்திச்சு. அந்த இருட்டுல கலர் பாக்கவா ஏலும்?"

மஹ்ரூப் பலா மரத்தடிக் குவியலைக் கிளறிப் பார்த்தான்; எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. கடைசித் தூளில் துருக்கறை இருந்தால் பக்கத்தில் வெடிப்பு உண்டு, தண்ணீர் நடமாட்டம் உண்டு. வெறும் சாம்பல் என்றால் கிணறும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அப்போதுதான் ஹிதாயா போத்தலைக் கொண்டுவந்தாள்; கடைசி இரண்டு குவியலின் தூளும் அதில் இருந்தது. இப்திகார் அதை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய்க் கண்ணை அகல விரித்தார். "அடியில செம்மண்ணா? லொறி உலகத்துட மத்தப் பக்கத்துக்கே போயிட்டு!"

ஹிதாயா நாக்கைக் கடித்தாள். "மொதல் குவியலத்தானே மொதல்ல போட்டேன். பூமியத் தலைகீழா அடைச்சிட்டேன்."

மஹ்ரூப் போத்தலைக் கவிழ்க்கப் போனான்.

"திருப்பாதீங்க! போத்தல் நெறயல்ல, எல்லாம் கலங்கிரும்!"

செம்மண்ணிலிருந்து கீழ்நோக்கியே பார்த்துப் பழகிய கண் அவனுடையது. போத்தலைத் துணி துவைக்கும் கல்லில் வைத்தான். அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு கால்களுக்கும் நடுவால் பார்த்தான். பூமி நேரானது. உச்சியில் செம்மண், அதற்குக் கீழே உக்கல், சாம்பல், வெள்ளை. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைக்குள் மஞ்சள் கலங்கிய தவிட்டு நிறம்.

"துரு! நானா, துரு!"

இப்திகாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த நூருன்னிஸாவுக்கு முதலில் தென்பட்டவை இரண்டு பின்புறங்கள்.

"யா அல்லாஹ்! தண்ணி கேட்டா இவங்க சர்க்கஸ் காட்டுறாங்க!"

"தண்ணி போன தடம் தெரியுது உம்மா," என்றான் மஹ்ரூப் குனிந்தபடியே. "இன்னும் ரெண்டே ரெண்டு கம்பி எறக்குவம் நானா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதற்கம்பி முழுவதும் உலர்ந்த தூள். இப்திகார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது கம்பி பாதி இறங்கியதும் தூள் சட்டென நின்றது. குழாய் ஒருமுறை கமறியது. பிறகு பால் போன்ற சேறு பலா மரத்துக்கு மேலே எழும்பி, லொறியிலும் தேத்தண்ணீரிலும் கூட்டிய முற்றத்திலும் நூருன்னிஸாவின் தலையிலும் கொட்டியது. ஒருவரும் ஒதுங்கவில்லை. மஹ்ரூப் சேற்றில் வழுக்கி விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தான். ஹிதாயா போத்தலை அணைத்துக்கொண்டு சிரிப்புத் தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நூருன்னிஸா கண்ணை வழித்தார். வாய்க்குள் போனதை ஒருமுறை சுவைத்தும் பார்த்தார்.

"உங்கட வூட்டு ஆக்கள் எப்ப வாராங்க? முத்தம் கூட்டி வைக்கணும்."

"கூட்டாம ஈங்க மாமி!" என்று அலறினான் மஹ்ரூப்.