இறக்காத கால்

எழுபதுகளில் நான் ஆந்திர எல்லையிலுள்ள எளாவூர் வழியாகக் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் செக்போஸ்ட்டில் இறங்கித் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கும்போது, பின்னால் வந்த வண்டி என் வலது காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து, முறிந்த எலும்பு வெளியே தெரிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர் பட்டென்று சொன்னார்: எலும்பைச் சதையால் மூடினால் கால் மிஞ்சும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான். ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால் அது. போனால் என் பிழைப்பே போச்சு.

சதை கொடுத்தது என் இடது கால்தான். அதன் கெண்டைச் சதைமேல் உள்ள தோலைக் கொழுப்போடு மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தை இடது காலோடு ஒட்டியபடியே விட்டுவிட்டு, வலது காலின் காயத்தின்மேல் தைத்தார்கள். அங்கே ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை இரண்டு கால்களையும் சேர்த்து மாவுக்கட்டு. ஆக, வாரக்கணக்கில் நான் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்க வேண்டும்!

நானோ முதலாளியைக் கண்டாலே தோள் துண்டை இடுப்புக்கு இறக்குகிற ஆள். அவர் ஒருநாள் சாத்துக்குடியோடு வார்டுக்குள் நுழைந்தார். பழக்க தோஷம், சடாரென்று காலை இறக்கப் பார்த்தேன். மாவுக்கட்டு விரிசல் விட்டது, தையல் அறுந்து ரத்தம் கசிந்தது.

டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "யாருக்காகய்யா காலை இறக்கினே?"

"மொதலாளி வந்தாரு சார்."

"கலெக்டரே வந்தாலும் இறக்கக் கூடாது!"

மறுபடி தைத்தார். தோலின் ஓரம் கறுத்தால் கால் அவ்வளவுதான் என்றார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி எந்நேரமும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவப்பாத்தான்யா கீது, துன்னு" என்பாள்.

முதலாளி திரும்பவும் வந்தார். "இன்னாடா, ராஜா மாதிரி கால் மேல கால் போட்டுக்கினு கீற?"

எனக்கு வியர்த்தது. ஆனால் அசையவில்லை. மனைவிதான் பதில் சொன்னாள்: "எறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு மொதலாளி. அதோ ஸ்டூல் கீது, நீங்க குந்துங்க." அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தோல் கறுக்கவில்லை. ஒட்டிக்கொண்டதும் கால்களைப் பிரித்தார்கள். பிறகு எலும்பும் கூடியது, நடந்தேன்.

லாரி ஷெட்டுக்கு நானே நடந்து போனேன். முதலாளிக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி வலது கால்மேல் போட்டேன். அவர் என் காலையே பார்த்தார்.

"இன்னுமா டாக்டர் எறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு?"

"ஆமா மொதலாளி," என்றேன். "எப்பவுமே கூடாதாம்."